தரையில் ஒரு மேற்கு, மாடியில் ஒரு மேற்கு

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, கடையின் மேல்மாடிக் கூடத்தில் முதல் வரிசைக்கான கறுப்பு கிரானைட் பட்டையைப் போடச் சொன்னார் முனீர். மதியம் ஒன்றரை மணிக்கெல்லாம் அந்தப் பட்டை சரியா தப்பா என்று யாருக்கும் தெரியாமல் போய்விட்டது.

கடை இரும்புலியூரில், ஜிஎஸ்டி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு வளைந்த தெருவில் இருக்கிறது. ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் கடை. பதினெட்டு வருஷமாக முனீர் அங்கே உட்கார்ந்திருக்கிறார். கீழ்த்தளம் பழைய கட்டடம். மேலே இருக்கும் கூடத்தை இந்த வருஷம்தான் எழுப்பினார். நோன்பு மாதத்தில் அந்தத் தெருக் கடைக்காரர்கள் ஜிஎஸ்டி ரோட்டையும் தண்டவாளத்தையும் தாண்டிப் பள்ளிவாசலுக்குப் போய்ச் சேர்வதற்குள் ஜமாஅத் தொழுகை முடிந்துவிடும். அதனால் கூடத்தைத் தொழுகைக்குக் கொடுப்பதாக முனீர் வாக்குக் கொடுத்திருந்தார். புதன்கிழமை பிறை பார்க்க வேண்டும். பிறை எப்போது தெரிந்தாலும் வெள்ளிக்கிழமை அந்தி மஃரிப் தொழுகை அங்கேதான் என்று தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

டைல்ஸ் வேலை சவுரிமுத்துவுடையது. அனகாபுத்தூர்க்காரர். புதன்கிழமை அவருக்குச் சாம்பல் புதன், வேலை செய்ய மாட்டார். வியாழனிலிருந்து சிறுசேரியில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்துக்குப் போக வேண்டும். அவருடைய ஆட்கள் வியாழக்கிழமை வந்து பட்டைகளுக்கு நடுவில் வெள்ளை டைல்ஸைப் போட்டுவிட்டுப் போவார்கள். பட்டைகளை மட்டும் அவர் கையால் இன்றைக்கே போட்டாக வேண்டும். மொத்தம் ஆறு பட்டை. ஒவ்வொன்றும் ஒரு தொழுகை வரிசை. அந்தப் பட்டை எந்தக் கோணத்தில் கிடக்கிறதோ அந்தக் கோணத்தில்தான் இனி வருஷக்கணக்காக ஜனங்கள் நிற்பார்கள். முனீருக்கு இதுதான் கவலை. கூரை ஒழுகினால் பூசிக்கொள்ளலாம். வரிசை கோணலாகப் போனால் அத்தனை பேருடைய தொழுகைக்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

காலையில் அவரிடம் சந்தேகமே இருக்கவில்லை. மக்காவுக்கு உம்ராப் பயணம் போனபோது வாங்கிய, தொழும் திசையான கிப்லாவைப் பார்க்கும் காம்பஸைக் கூடத்தின் நடுவில், தரையில் வைத்தார். முள் ஆடி நின்றது. சவுரிமுத்து நூலை இழுத்துப் பிடித்தார். கோணத்தைச் சவுரிமுத்து டிகிரியில் சொல்வதில்லை. மேற்குச் சுவரை ஒட்டி நூலை ஆரம்பித்துப் பத்தடி போனால், நூலின் மறுமுனை சுவரை விட்டு எத்தனை அடி விலகுகிறது என்று பார்ப்பார்.

“பத்தடிக்கு நாலடி. போட்டுரலாமா பாய்?”

“போடு சவுரி. பிஸ்மில்லாஹ்.”

போட்டார்.

மதியம் பக்கத்து மொபைல் கடை சுஃபியான் சாப்பாட்டை முடித்துவிட்டு வேடிக்கை பார்க்க மேலே வந்தான். பட்டையைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான்.

“அண்ணா, ரொம்ப சாய்ச்ச மாதிரி இல்ல?”

“கட்டடம் நேரா இல்லடா. கிப்லா நேரா இருக்கு.”

சுஃபியான் தன் போனில் கிப்லா காம்பஸைத் திறந்து தரையில் வைத்தான். அதில் பத்தடிக்கு ஆறடி வந்தது. சவுரிமுத்து கலவைக் கரண்டியைக் கீழே வைத்தார். போனுடைய உறையில் காந்தம் இருக்கிறது, அதுதான் முள்ளைக் கெடுக்கிறது என்று சுஃபியானே கண்டுபிடித்து உறையைக் கழற்றினான். இப்போது நாலடி.

“பார்த்தியா?” என்றார் முனீர்.

சுஃபியான் சும்மா இருந்திருக்கலாம். போனை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய்த் தரையில் வைத்தான். அங்கே ரெண்டடி. மொட்டைமாடிக்கு ஏறிப் போய், அதே மேற்குச் சுவரின் கைப்பிடிச் சுவரை ஒட்டிப் பார்த்துவிட்டு, அங்கிருந்தே கத்தினான்.

“அண்ணா! இங்க ஒண்ணே காலடிதான் வருது!”

முனீர் தன் காம்பஸைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க மேலே ஏறினார். அவருடைய காம்பஸும் ஒண்ணே காலடி என்றது. கீழே வந்து தரையில் வைத்தார். நாலடி. மறுபடி மேலே போனார். ஒண்ணே காலடி.

“இன்னா பாய் இது,” என்றார் சவுரிமுத்து, கலவைச் சட்டியின் பக்கத்தில் குந்தியபடி. “மாடில ஒரு கிப்லா, தரையில ஒரு கிப்லாவா? எந்த நூலுக்குப் போடணும் நானு? கலவை இறுகிகினு கீது.”

“தொழப்போறது தரையில. தரையில வச்சுத்தான பார்க்கணும்?” என்றார் முனீர். சொல்லும்போது அது நியாயமாகத்தான் இருந்தது. சுஃபியானும் தலையாட்டினான். ஆனால் ஜன்னலோரமும் தரைதான். அங்கே ஏன் ரெண்டடி?

மேப்பில் பார்க்கலாம் என்று சுஃபியான் சொன்னான். மேப்பில் முனீரின் மாடி இல்லை. வானத்திலிருந்து எடுத்த அந்தப் பழைய படத்தில் அவருடைய கடை, பக்கத்து வேப்பமரத்தின் தழைக்குள் பாதி மறைந்து ஒரு ஆஸ்பெஸ்டாஸ் ஓரமாகத் தெரிந்தது. தெருவை வைத்துக் கணக்குப் போடலாம் என்றால் தெரு சரியாக அந்த இடத்தில்தான் வளைகிறது.

“எங்க வீட்டம்மாவோட தங்கச்சி சயின்ஸ் டீச்சர்,” என்றார் முனீர் கடைசியில். “அவளைக் கூப்பிடறேன்.”

ஃபாயிசா தாம்பரத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறாள். மூன்றே முக்காலுக்கு ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு, பையில் இரண்டு காம்பஸோடு மாடியேறி வந்தாள். காந்தப் பாடம் இந்த வாரம்தான் நடக்கிறது. காம்பஸ்கள் பள்ளியின் பெட்டியிலிருந்து எடுத்தவை.

“மச்சான், பயப்படாதீங்க. தடையில்லாமச் சுத்துற காந்தம் எப்பவும் வடக்கு தெற்காத்தான் நிக்கும். நேத்துதான் பிள்ளைங்க கிட்ட பத்து தடவை சொல்லவச்சேன். கிப்லா மேற்கிலிருந்து வடக்குப் பக்கமா பதினெட்டு டிகிரி. அஞ்சு நிமிஷ வேலை.”

இரண்டு காம்பஸையும் ஒரு முழ இடைவெளியில் தரையில் வைத்தாள். ஒன்றின் சிவப்பு முனை ஜன்னலைக் காட்டியது. மற்றதன் சிவப்பு முனை நேர் எதிராகப் படிக்கட்டைக் காட்டியது.

நாலு பேரும் குனிந்து பார்த்தார்கள்.

“டீச்சர்,” என்றார் சவுரிமுத்து, “படிக்கட்டு அந்தாண்ட வடக்குன்னா, மெரினா பீச்சு முடிச்சூர்லயா கீது?”

சுஃபியான் சிரித்துவிட்டான். ஃபாயிசாவுக்கு முகம் சிவந்தது. தப்பான காம்பஸை எடுத்துத் தட்டினாள், திருப்பினாள். மறுபடியும் படிக்கட்டுதான். அவளுக்குப் பெட்டி ஞாபகம் வந்தது. பள்ளியில் சட்டக் காந்தங்களையும் காம்பஸ்களையும் ஒரே பெட்டியில் போட்டு வைத்திருந்தார்கள். பெரிய காந்தத்தின் பக்கத்திலேயே கிடந்த சின்ன முள், தன் வடக்கையும் தெற்கையும் மாற்றிக்கொண்டிருந்தது.

“இது தலைகீழாயிடுச்சு. அவ்வளவுதான்,” என்றாள். “சூரியன் எந்தப் பக்கம் இறங்குதுன்னு தெரியுது இல்ல? அதனால இது பொய், அது நிஜம்.”

“நாளைக்குப் பிள்ளைங்க கையில இதையா கொடுக்கப் போற?” என்றார் முனீர்.

அவள் அதை ஓரமாக வைத்தாள். நேற்று அந்தக் காம்பஸ் எந்த மேசையில் இருந்தது, அந்த மேசைப் பிள்ளைகள் நோட்டில் என்ன எழுதினார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தாள். ஏதோ ஒரு பையன் எழுந்து “மிஸ், எங்களுக்கு மாறி வருது” என்று சொன்னதும், “சரியாப் பாரு” என்று அவனை உட்காரவைத்ததும் நினைவுக்கு வந்தன.

நல்ல காம்பஸைக் கூடத்தின் நடுவில் வைத்தாள். நாலடி. ஜன்னலோரம் ரெண்டடி. மொட்டைமாடியில் ஒண்ணே காலடி. முனீரின் காம்பஸ் சொன்னதையே பள்ளிக் காம்பஸும் வரிசையாகச் சொன்னது. “எப்பவும்” என்ற வார்த்தையை அவள் அதற்குப் பிறகு பயன்படுத்தவில்லை.

“கம்பியா இருக்கும்,” என்றாள். “சிலாப்ல முறுக்குக் கம்பி இருக்கு இல்ல? அது இழுக்கும்.”

“கம்பி எல்லா இடத்துலயும்தான் கீது,” என்றார் சவுரிமுத்து. “ஏழு இஞ்சிக்கு ஒண்ணு. நான் பார்த்துகினு இருந்தேன், கட்டும்போது. அப்போ எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி இழுக்கணுமா இல்லியா? நடுவுல மட்டும் இன்னா அப்டி ஒரு கோவம்?”

கேள்வி சரியாக இருந்தது.

முனீர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். போட்ட பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனதில் வேறு ஒரு கணக்கு ஓட ஆரம்பித்திருந்தது. சுவர் எழும்பியதிலிருந்து இரண்டு மாதமாக அவர் மதிய லுஹரும் மாலை அஸரும் இந்தக் கூடத்தில்தான் தொழுதார். இதே நடு இடத்தில், இதே காம்பஸைத் தரையில் ஒருதரம் வைத்துப் பார்த்துக்கொண்ட திசையில்.

ஃபாயிசா சுண்ணாம்புக் கட்டி இருக்கிறதா என்று கேட்டாள். சவுரிமுத்து நீலக்கட்டி கொடுத்தார். வேறு வழி தெரியாததால்தான் அவள் அதைச் செய்தாள். வகுப்பில் சட்டக் காந்தத்தைத் தாளில் வைத்து, சுற்றிலும் காம்பஸை நகர்த்தி, முள் காட்டும் பக்கத்தைப் புள்ளி வைத்து வரையும் பயிற்சி ஒன்று உண்டு. இங்கே காந்தம் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. இருந்தாலும் கூடத்தின் ஒரு மூலையிலிருந்து அடிக்கு ஒருதரம் காம்பஸை வைத்தாள். முள் நின்றதும் அதன் பக்கத்தில் சின்ன அம்புக்குறி போட்டாள். சவுரிமுத்து தன் இரும்புக் கரண்டியையும் டேப்பையும் எடுத்துக்கொண்டு படிக்கட்டில் போய் உட்கார வேண்டியிருந்தது.

“நம்மள வெளிய அனுப்பிட்டாங்க பாய்,” என்றார்.

ஓரங்களில் அம்புகள் ஏறக்குறைய ஒரே பக்கம் பார்த்தன. நடுவை நெருங்க நெருங்க அவை திரும்பின. ஒரு வரிசை இடப்பக்கம் வளைந்தது, அடுத்தது அதைவிட அதிகமாக. நடுவில் ஒரு இடத்தில் முள் நிற்கவே தயங்கி, காம்பஸின் அடித்தட்டில் உரசிக்கொண்டு கீழே குனிந்தது. அதைத் தாண்டியதும் அம்புகள் மறுபக்கமாக வளைந்து விலகின. சுஃபியான் நாற்காலியில் ஏறி மேலிருந்து பார்த்தான்.

“அக்கா, இது ஸ்கூல் புக்ல இருக்கிற படம் மாதிரி இல்ல? இரும்புத்தூள் தூவின படம்?”

ஃபாயிசா நிமிர்ந்து பார்த்தாள். அதே படம்தான். அம்புகள் எல்லாம் கிழக்கு மேற்காக ஓடும் ஒரு கோட்டைத் தேடிப் போயின.

“மச்சான், இதுக்குக் கீழ காந்தம் இருக்கு.”

“கீழ என் கடைதான் இருக்கு,” என்றார் முனீர்.

சொல்லி முடித்ததும் அவர் எழுந்தார். படிக்கட்டில் உட்கார்ந்திருந்த சவுரிமுத்துவைத் தாண்டி, செருப்புகூடப் போடாமல் இறங்கினார்.

பழைய கீழ்த்தளத்தின் கூரையை ஒரு இரும்பு கர்டர் தாங்குகிறது. கிழக்கு மேற்காகப் போகும் கர்டர். செத்துப்போன ஸ்பீக்கரிலிருந்து கழற்றும் வட்டக் காந்தத்தை மேசையில் வைத்தால் திருகாணியெல்லாம் ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளும், மீட்டர் கெட்டுப்போகும். அதனால் முனீர் ஸ்டூலில் ஏறி, கழற்றிய காந்தத்தை அந்த கர்டரில் ஒட்டிவிடுவார். ஆணி வேண்டாம், கயிறு வேண்டாம், விழவும் விழாது. பதினெட்டு வருஷமாக ஒட்டியவை. கல்யாண மண்டப ஸ்பீக்கர், கோயில் திருவிழா ஸ்பீக்கர், மாநாட்டு ஸ்பீக்கர் எல்லாவற்றின் காந்தமும் ஒன்றின் மேல் ஒன்றாக, தேன்கூடு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தன. அவை அங்கே இருப்பதை அவர் பல வருஷமாகப் பார்த்ததே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். மேலே கூடத்தின் நடு இடத்துக்கும் அவற்றுக்கும் இடையே ஒரு முழம்கூட இல்லை.

பின்னாலேயே வந்த மூவரும் மேலே பார்த்தார்கள்.

“இன்னா பாய்,” என்றார் சவுரிமுத்து. “நீயே வச்சுகினு ஊர் முள்ளையெல்லாம் திட்டிகினு கீற?”

கழற்றுவது லேசாக இல்லை. நேராக இழுத்தால் வரவில்லை, பக்கவாட்டில் தள்ளித்தான் எடுக்க முடிந்தது. சுஃபியானின் விரல் இரண்டு காந்தங்களுக்கு நடுவில் மாட்டி நகம் கறுத்தது. சாக்கில் போட்டால் சில ஒன்றோடொன்று பாய்ந்து ஒட்டின, சில ஒன்றையொன்று தள்ளிவிட்டு உருண்டன. நாலு சாக்கு நிரம்பியது. “என் கடைப் பக்கம் மட்டும் வேணாம்” என்று சொல்லி, சுஃபியானே அவற்றைத் தள்ளுவண்டியில் ஏற்றி, தெருக்கோடிக் காலிமனைக்குக் கொண்டுபோனான்.

மூவரும் மேலே வந்தார்கள். ஃபாயிசா காம்பஸை நடுவில் வைத்தாள்.

முள் திரும்பியிருந்தது. ஆனால் ஒண்ணே காலடிக்கு வரவில்லை. ஒண்ணே முக்காலில் நின்றது.

“இப்ப என்ன?” என்றார் முனீர். “எல்லாத்தையும்தான் எடுத்தாச்சே!”

ஃபாயிசா வெறும் கர்டரை நினைத்தாள். “இத்தனை வருஷம் காந்தம் ஒட்டிக்கிட்டிருந்த இரும்பு. அதுவும் கொஞ்சம் காந்தமாயிருக்கும் மச்சான். கம்பியும் கொஞ்சம் இழுக்கும். தரையில வச்சுப் பார்க்கறதுதான் தப்பு. தள்ளிப் போகப் போக அதோட பலம் குறையும்.”

இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூலை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டு, காம்பஸை நெஞ்சு உயரத்தில் வைத்தாள். ஒண்ணே கால். கூடத்தின் நாலு மூலையிலும் அதே உயரத்தில் வைத்தாள். எல்லாம் ஒண்ணே கால். மொட்டைமாடியில் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அங்கேயும் மாறவில்லை.

“ஒண்ணே கால்தான். முடிஞ்சுது.”

முனீர் தலையசைக்கவில்லை. “காலையில நாலடிதான்னு நான் சொன்னேன். சுஃபியான் ஆறுன்னான். நீ வந்ததும் எப்பவும் வடக்குதான்னே. எல்லாருமே நிச்சயமாத்தான் சொன்னோம். இதை எப்படி நம்பறது?”

“நாலு இடத்துல ஒரே மாதிரி சொல்லுது மச்சான்.”

“நடுவுல ரெண்டு மாசம் முன்னாடியும் இன்னிக்குக் காலையிலயும் ஒரே மாதிரிதான் சொல்லிச்சு.”

முனீர் போனை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய்ப் பள்ளிவாசல் இமாமை அழைத்தார். வரிசையைப் பற்றி அவர் கேட்கவில்லை. இரண்டு மாதத் தொழுகையைப் பற்றிக் கேட்டார். பேச்சு சீக்கிரம் முடிந்தது.

“ஹஜ்ரத் என்ன சொன்னார்?” என்று கேட்டாள் ஃபாயிசா.

“முயற்சி பண்ணித் திசையைப் பார்த்துத் தொழுதிருந்தா நிறைவேறிடும்னார். திருப்பித் தொழ வேண்டியதில்லையாம்.”

“அப்புறம் என்ன?”

“முயற்சி பண்ணினேனா?” என்றார் முனீர். “ஒருதரம் வச்சேன். முள் நின்னுச்சு. நம்பிட்டேன். அது முயற்சியா?”

சவுரிமுத்து தனக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று கலவையைக் கிளறிக்கொண்டிருந்தார். பிறகு கரண்டியின் நுனியால் காலைப் பட்டையின் ஓரத்தைக் குத்திப் பார்த்தார்.

“பாய், ஒண்ணு சொல்றேன். இது இன்னும் முழுசா இறுகல. அரைமணிக்குள்ள சொன்னா உடையாம தூக்கிருவேன். அப்பால ஒடச்சுத்தான் எடுக்கணும். வேற கல்லு இல்ல. இருட்டுறதுக்குள்ள ஆறும் போட்டாவணும். யோசிக்கிறதுன்னா சீக்கிரம் யோசி.”

முனீர் பட்டையின் அருகில் குந்தினார். அதைத் தடவிப் பார்த்தார். அது கோணலாகக் கிடப்பது போலவும் தெரிந்தது. நேராகக் கிடப்பது போலவும் தெரிந்தது. எந்தச் சுவரை வைத்துப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து இரண்டுமாக இருந்தது.

“தூக்கு,” என்றார்.

சவுரிமுத்து பட்டையின் பக்கத்தில் குந்தினார். உளியை அடியில் கொடுத்து மெதுவாக நெம்பினார். பட்டை ஈரக்கலவையைக் கடித்துக்கொண்டு ஒரு சத்தத்தோடு எழும்பியது. உடையவில்லை. கலவையைச் சுரண்டிவிட்டு, மேற்குச் சுவரிலிருந்து பத்தடிக்கு ஒண்ணே காலடி அளந்து, இரண்டு ஆணிக்கு நடுவில் புது நூலைக் கட்டினார். நீலக்கட்டி அம்புகளின் மேல் நூல் குறுக்கே ஓடியது. அம்புகள் ஒன்றுகூட அந்த நூலைச் சட்டை செய்யவில்லை.

“கடைசியா கேக்கறேன். இதுக்கே போட்டுர்லாமா?”

தண்டவாளத்துக்கு அந்தப் பக்கமிருந்து அஸர் பாங்கு கேட்டது. நடுவில் ஒரு மின்சார ரயில் போனதால் கொஞ்சம் விட்டு விட்டுக் கேட்டது.

“பத்து நிமிஷம் இரு,” என்றார் முனீர். “தொழுதுட்டுச் சொல்றேன்.”

கீழே போய் முகம் கை கால் கழுவி ஒளூச் செய்துவிட்டு வந்தார். ஃபாயிசா காம்பஸ்களை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்கு ஒதுங்கினாள். சவுரிமுத்து ஓரமாகக் குந்திக்கொண்டார். நூலின் ஒரு முனை ஆணியிலிருந்து தளர்ந்திருந்ததால் அதை விரலில் இழுத்துப் பிடித்திருந்தார்.

முனீர் தொழுகை விரிப்பான முசல்லாவை உதறிக் கூடத்தின் நடுவில் விரித்தார். நூலை ஒட்டிக் குதிகாலை வைத்து நின்றார். கண்ணை மூடித் திறந்தார். எதிரே தெரிந்த சுவர் அவருக்குப் பழக்கமில்லாத சுவராக இருந்தது. இரண்டு மாதமாக அவர் கண்ணுக்கு நேராக மேற்குச் சுவரின் சின்ன ஜன்னலுடைய இடது சட்டம் இருக்கும். இப்போது அங்கே வெறும் பூச்சுச் சுவர்தான். யாரோ தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டது போல இருந்தது. மனதுக்குள் தொழுகைக்கான நிய்யத் வைத்துக்கொண்டே அவர் அறியாமல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தார்.

“பாய்,” என்றார் சவுரிமுத்து, தணிந்த குரலில். “காலு நூலை வுட்டுப் போவுது.”

முனீர் குனிந்து பார்த்தார். கால்கள் ஜன்னல் சட்டத்தைப் பார்த்துத் திரும்பியிருந்தன. முசல்லாவையும் கால்களையும் மறுபடி நூலுக்குக் கொண்டுவந்தார். இந்த முறை சுவரைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார்.

“இப்போ?”

“எனக்கு இன்னா பாய் தெரியும்,” என்றார் சவுரிமுத்து. “நூலுக்குச் சரியா கீது.”

முனீர் இன்னும் ஒரு கணம் நின்றார். பிறகு கைகளை உயர்த்தித் தக்பீர் கட்டித் தொழுகையைத் தொடங்கினார்.